மொத வரியில யார் பேரு

அடிக்கட்டும் விடுங்க. நான் எடுக்கப் போறதில்லை. ஆபீஸ் போன்தான். சத்தம் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, அமுக்கி வச்சுக்கறேன். ஆனா எடுக்க மாட்டேன். அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு முறையாத்தான் பஸ் ஏறியிருக்கேன். யாருக்கும் பயந்துட்டு ஓடலை. அதை மொதல்ல சொல்லிடறேன்.

பயந்துட்டு ஓடறீங்களான்னு நீங்க கேக்கலை, சரி. மூஞ்சியில கேட்டீங்க.

எம்பேரு குப்புராஜ்ங்க. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி. திருப்பூர்ல சாயப்பட்டறையில பெரிய பெரிய மெஷின் நிக்கும் பாருங்க, துணியை உள்ள விட்டு சாயம் ஏத்தறது. எந்தக் கலருக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம்னு அந்த மெஷினுக்கு யாரு சொல்றது? எங்க பொட்டிதான் சொல்லும். அந்தப் பொட்டிக்குள்ள ஓடற புரோகிராமை நாங்க எழுதறோம். நாங்கன்னா நான். பதினாலு வருஷம். இப்ப என்கூட நாலு பேரு இருக்காங்க, இல்லைன்னு சொல்லலை.

எழுதற ஃபைல் எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சிருப்போம். ரெப்போன்னு சொல்லுவோம். யாரு எப்ப எதை மாத்தினாலும் அது ஞாபகம் வச்சுக்கும். அதுல ஒரு செட்டிங் உண்டுங்க. கீவேர்டு செட்டிங். ஃபைலோட மொத வரியில ஒரு குறி எழுதி, அந்த ஃபைலுக்கு செட்டிங்கையும் போட்டுவிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் யாரு அந்த ஃபைலை மாத்தி உள்ள வச்சாலும் அந்தக் குறி இருக்கற இடத்துல அவங்க பேரும் தேதியும் தன்னால வந்து உட்கார்ந்துக்கும். நாம ஒண்ணும் எழுத வேண்டாம். அதுதாங்க அதுல அழகே. மெஷின் போடற பேரு. மனுசன் போட்டா வேண்டியவன் வேண்டாதவன்னு பார்த்துப் போடுவான். மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது.

அந்த செட்டிங்கை நான் ஏன் போட்டேன்னு கேளுங்க. கேளுங்க, சும்மா கேளுங்க.

எட்டு வருஷம் முன்ன ஒரு கண்காட்சி. எங்க பொட்டிக்கு ஷீல்டு குடுத்தாங்க. மேடையில பேர் வாசிச்சாங்க. பழைய மேனேஜர் பேரு, அவரு மச்சான் பேரு, டிசைன் பண்ணினவங்க பேரு. கேபிள் இழுத்துவிட்ட எலக்ட்ரீசியன் பேருகூட வந்துச்சுங்க. எம்பேரு வரலை. என் சம்சாரம் போட்டோ எடுக்கணும்னு பட்டுச்சேலை கட்டிட்டு முன் வரிசையில வந்து உட்கார்ந்திருந்தா. போனை ரெண்டு கையிலயும் தூக்கிப் பிடிச்சுட்டே இருந்தா. கடைசிப் பேரு வாசிச்சு, எல்லாரும் கையைத் தட்டி முடிச்சு, அதுக்கப்புறமும் இறக்கலை. வீட்டுக்குப் போனதும் பட்டுச்சேலையை மடிச்சு வச்சுட்டு எனக்குச் சோறு போட்டா. திட்டியிருந்தா தேவலை.

அடுத்த திங்கக்கிழமை மொத வேலையா உட்கார்ந்து எல்லா ஃபைலுக்கும் செட்டிங்கைப் போட்டேன். நானூத்திச் சில்லறை ஃபைல். ஒண்ணு விடலை. அதோட நிக்கலை. புது மேனேஜர் வந்தாரு, தேவசகாயம்னு, விக்கற பக்கத்துல இருந்து வந்தவரு. நல்ல மனுசன். புரோகிராம் எல்லாம் அவருக்குப் புரியாது, நான் சொன்னாப் புரிஞ்சுக்குவாரு. அவருகிட்ட சொல்லி ஒரு விதியே போட வச்சேன். மொத வரியில யாரு பேரு இருக்கோ அவங்கதான் அந்த ஃபைலுக்குப் பொறுப்பு. நல்லது கெட்டது ரெண்டுக்கும். சர்க்குலர் அடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டினோம். இன்னும் இருக்கும், போய்ப் பாருங்க.

அவினாசி வந்தாச்சா? பரவாயில்லை, வேகமாத்தான் போறான்.

இப்ப எங்க ஆபீஸ்ல இருக்கற ஒரு பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். யாழ்மொழின்னு பேரு. மூணு வருஷம் முன்ன வந்தா. இன்னும் கான்ட்ராக்ட்தான், இந்த மாசம் பர்மனென்ட் ஆகணும். வேலையில கெட்டிக்காரிங்க. நான் இல்லைன்னே சொல்ல மாட்டேன். வால்வு திறக்கறது மூடறது, அந்தப் பகுதி மொத்தமும் பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதினா. எட்டு மாசம். சாயப்பட்டறைக்கே போய் நின்னு, ஆவியில வெந்து, எழுதினா. மெஷின் தண்ணி குடிக்கறது பாதியாக் கொறைஞ்சுதுன்னு பட்டறைக்காரங்களே சொன்னாங்க.

அப்ப நான் என்ன பண்ணினேன், நம்ம ஃபைல்ல எல்லாம் வரிக் கடைசியில தேவையில்லாம காலி இடம் விட்டிருந்தாங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கும். ஒரு சின்ன புரோகிராம் எழுதி, நானூறு ஃபைல்லயும் அந்தக் காலி இடத்தை எல்லாம் வழிச்சு எடுத்தேன். சுத்தம் பண்ணி உள்ள வச்சேன். வச்சதும் நானூறு ஃபைல்லயும் மொத வரியில எம்பேரு வந்துருச்சு.

நான் போட்டனா? இல்லை. கடைசியா கை வச்சவன் பேரு வரும், அது அதோட குணம். அவ எழுதின வால்வு ஃபைல் இருபத்திரெண்டும் அதுல சேர்ந்து போச்சு. வேலையை விட்டுப் போன ஸ்டீபன் ஃபைலும்தான் போச்சு. ஸ்டீபன் வந்து கேட்டானா?

இவ கேட்டா. "சார், அதை எழுதினது நானு சார். எல்லாத்துலயும் உங்க பேரு இருக்கு" அப்படின்னா. "இருக்கும்மா, சிஸ்டம் போடுது, நான் என்ன பண்ணட்டும்" அப்படின்னேன். உண்மைதானே. அந்த வருஷம் ஜெர்மனியில ஒரு மெஷின் மேளா. வால்வு பத்திப் பேச எங்க ஆளு ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தாங்க. யாரை அனுப்பறதுன்னு தேவசகாயம் சார் வால்வு ஃபைலைத் திறந்து பார்த்தாரு. மொத வரியைப் பார்த்தாரு. என்னை அனுப்பினாரு. நல்லா இருந்துச்சுங்க, குளிருதான் தாங்கலை. அங்க கேட்ட கேள்விக்கு பதில் தெரியாம ரெண்டு மூணு தடவை இவளுக்குப் போன் பண்ணினேன். சொன்னா பாவம். மரியாதையான பொண்ணு, அதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

ஆனா அதுக்கப்புறம் என்ன ஆரம்பிச்சா தெரியுமா? "சார், டேபிள் ஃபைலுக்கு மட்டும் கீவேர்டு செட்டிங் வேண்டாம் சார்" அப்படின்னா.

டேபிள் ஃபைல்னா, எந்தக் கலருக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம்னு வெறும் நம்பரா இருக்கற ஃபைல். அதைப் பொட்டி நேரடியாப் படிக்கும். மொத வரியில பேரு தேதி எல்லாம் இருக்கே, அது நம்பர் இல்லையே? அதனால அந்த வரியைத் தாண்டிட்டு அப்புறம் படிடான்னு பொட்டிக்குச் சொல்லிவைக்கணும். சொல்லிவச்சவன் நான்தான். எத்தனை எழுத்து தாண்டணும்? அன்னைக்கு அந்த வரியில எத்தனை எழுத்து இருந்துச்சோ எண்ணிப் பார்த்தேன். நாப்பத்தியொண்ணு. நாப்பத்தியொண்ணுன்னு போட்டேன். அந்த ஃபைலை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. எட்டு வருஷம் ஒரு சிக்கல் இல்லாம ஓடுச்சா இல்லையா?

இவ சொல்றா, "பேரு மாறினா வரி நீளம் மாறும் சார். பொட்டி தப்பாப் படிக்கும். மெஷின் படிக்கற ஃபைல்ல நம்ம பேரு எதுக்கு சார்." நம்ம பேரு எதுக்காம். எம்பேரு எதுக்குன்னு கேக்கறா. நேராக் கேக்கத் தைரியம் இல்லாம நம்ம பேருங்கறா. எனக்குப் புரியாதா? வால்வு ஃபைல் ஆத்திரம். எங்க ஆரம்பிக்கறதுன்னு பார்த்து டேபிள்ல ஆரம்பிக்கறா.

ஒரு நாள் பார்த்தா டேபிள் ஃபைல்ல எம்பேரு இல்லை. வெறும் குறி மட்டும் மொட்டையா நிக்குது. செட்டிங்கை எடுத்துட்டா. எடுத்துட்டு நாலு வரி காரணம் வேற எழுதி வச்சிருந்தா, தாண்டற எண்ணிக்கையையும் மாத்தணும்னு. படிச்சேனான்னு கேக்காதீங்க. அந்த மொட்டை வரியைப் பார்த்ததும் எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கே செட்டிங்கைத் திரும்பப் போட்டேன். மறுபடி எடுத்தா. மறுபடி போட்டேன். மூணாந்தடவையும் எடுத்தா. திரும்பப் போட்டுட்டு, அவளை ரூமுக்குக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இதுல கை வச்சா பர்மனென்ட் ஆகறதை மறந்துரும்மா"ன்னு சொன்னேன். கத்தலை. தன்மையாத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் கை வைக்கலை.

போன மாசம் என் கொழுந்தியா வீட்டுல காதுகுத்து. நான் கோபியில இருக்கேன். பந்தியில உட்கார்ந்தாச்சு, இலையில சோறு விழுந்தாச்சு, இவ போன் பண்றா. திருப்பூர் பட்டறையில புதுக் கலர் ஒண்ணு டேபிள்ல சேர்க்கணுமாம், துணி மெஷின் வாசல்ல காத்திருக்காம், அங்க சாயம் போடற மாஸ்டர் கத்தறாராம். "நான் சேர்க்கட்டுமா சார்"ங்கறா. சேரும்மான்னேன். அப்பக் கேட்டா. "சார், டேபிள்ல அந்த செட்டிங்கை எடுத்தாச்சுங்களா? இல்லை அப்படியே இருக்குதுங்களா?"

நான் என்ன சொல்லுவேன் பந்தியில உட்கார்ந்துட்டு? பக்கத்துல சம்பந்தி உட்கார்ந்திருக்காரு, பாயசம் வருது. "எல்லாம் எடுத்தாச்சு, நீ வேலையைப் பாரு"ன்னு சொல்லி வச்சுட்டேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே. எடுத்திருந்தேனான்னா, எடுக்கலை. எதுக்கு எடுக்கணும்?

அவ சோதிச்சுப் பார்த்திருக்கலாமேன்னு கேக்கலாம். சோதிக்கற பொட்டி என் டிராயர்ல பூட்டியிருந்துச்சு. சாவி எங்கிட்ட. யாராச்சும் எடுத்துக் கெடுத்துருவாங்கன்னு பூட்டி வைக்கறதுதான், புதுசில்லை. சரி, கம்ப்யூட்டர்ல என்ன மாறியிருக்குன்னு பார்த்தாளாம். அந்த செட்டிங் போடற பேரு அதுல காட்டாதுங்க, நம்ம கையால மாத்தினது மட்டும்தான் காட்டும். ஒரு வரி சேர்ந்திருக்குன்னு காட்டிச்சு. அந்த அவசரத்துல ஃபைலோட மொத வரியை அவ பார்க்கலை, நான்தான் எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேனே. உள்ள வச்சுட்டா. பட்டறைக்கு அனுப்பிட்டா.

இங்கிலீஷ்ல எம்பேரு எட்டு எழுத்து. அவ பேரு ஒம்பது.

அவ்வளவுதான். எம்பேரு போய் அவ பேரு வந்து உட்கார்ந்துச்சு, மொத வரி ஒரு எழுத்து நீண்டுருச்சு. பொட்டி பழையபடி நாப்பத்தியொண்ணு தாண்டிட்டு, ஒவ்வொரு நம்பரையும் ஒரு எடம் முன்னாடியே படிச்சிருச்சு. ஒவ்வொண்ணுலயும் கடைசி இலக்கம் விட்டுப்போச்சு. நூத்தி இருபத்தஞ்சு கிராம் சாயம் விழ வேண்டிய எடத்துல பன்னெண்டு கிராம் விழுந்துச்சு. கருநீலத்துல வரவேண்டிய துணி, பள்ளிக்கூடச் சட்டை மாதிரி வெளுப்பா வந்துச்சு. ஒரு மெஷின் இல்லை, ஆறு மெஷின். வெளிநாட்டுக்குப் போற துணி. பட்டறை மாஸ்டர் அந்தத் துணியைத் தோள்ல போட்டுட்டு எங்க ஆபீசுக்கே வந்துட்டாரு. மேசை மேல விரிச்சாரு.

தேவசகாயம் சார் ஃபைலைத் திறக்கச் சொன்னாரு. மொத வரியைப் பார்த்தாரு. அவ பேரு.

நீங்களே சொல்லுங்க. எட்டு வருஷம் எம்பேரு இருந்துச்சு, ஒரு துணி வெளுக்கலை. ஒரு நாள் அவ பேரு வந்துச்சு, ஆறு மெஷின் துணி போச்சு. இதுல நான் எங்க வர்றேன்? சொல்லுங்க பார்ப்போம்.

அவ சாருகிட்ட சொன்னா. செட்டிங்கைத் திரும்பத் திரும்பப் போட்டது குப்புராஜ் சார்தான், ரெப்போவுல தேதியோட இருக்குன்னு பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் காட்டியிருக்கா. அவருக்கு அதெல்லாம் படிக்கத் தெரியுமா? "எனக்கு இதெல்லாம் புரியாதும்மா. குப்புராஜ் வந்து ஆமான்னா நான் ஒத்துக்கறேன். இல்லைன்னா சர்க்குலர்ல என்ன இருக்கோ அதுதான்"ன்னுட்டாரு. நியாயமான மனுசன். இன்னைக்கு மூணு மணிக்கு மீட்டிங். பட்டறைக்காரங்களும் வர்றாங்க. அவளை வேலையை விட்டு அனுப்பறதுன்னு முடிவாயிருச்சுன்னா சும்மா அனுப்ப மாட்டாங்க, காரணம் எழுதித்தான் அனுப்புவாங்க. இந்தத் தொழில்ல எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சவங்க. திருப்பூர், கோயமுத்தூர் எங்கயும் அவளுக்கு இனி வேலை கிடைக்காது. அது எனக்குத் தெரியாம இல்லை.

காலையில வந்தா. என் மேசை முன்னாடி நின்னா. அழலை. அழுதிருந்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிருக்கும். "சார், உங்களைத் திட்டறதுக்கு வரலை. அந்த நாப்பத்தியொண்ணை மட்டும் சொல்லிருங்க சார். அது அவருக்குப் புரியும்"னா. நான் பார்க்கலாம்மான்னேன். பார்க்கலாம்னா வர்றேன்னு அர்த்தமா? லீவு எழுதிக் குடுத்தேன், பஸ்ஸைப் பிடிச்சேன். ஈரோட்டுல அக்கா வீடு. பார்த்து ரொம்ப நாளாச்சு.

நான் போய் அந்த ரூம்ல நின்னு, பட்டறை மாஸ்டர் முன்னாடி, நாந்தாங்க எண்ணிப் போட்டேன், எம்பேரையும் சேர்த்து எண்ணிட்டேன்னு சொல்லணுமா? பதினாலு வருஷம் கழிச்சு ஒரு ரூம்ல எல்லாரும் எம்பேரைச் சொல்றாங்கன்னா, அதுக்கா சொல்லணும்? மாட்டேன். செத்தாலும் மாட்டேன். என் சம்சாரத்துகிட்ட இதைச் சொல்லலை. சொல்லவும் மாட்டேன்.

மணி என்ன ஆச்சு? மூணு அடிச்சு அஞ்சு நிமிசமா.

அடிக்கறது நின்னுருச்சு பாருங்க. மெசேஜ் வந்திருக்கு. இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். அவதான். "சார், எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க வர முடியாட்டியும் பரவாயில்லை. ஸ்பீக்கர்ல போடறேன். நான் கேக்கறதுக்கு ஆமான்னு ஒரு வார்த்தை போதும் சார். மத்தது நான் பார்த்துக்கறேன்."

மறுபடி அடிக்குது.

என்னை ஏன் பார்க்கறீங்க? நானா அவ பேரை அங்க போட்டேன்? கடைசியா கை வச்சது யாரு? அவ. மொத வரியில இருக்கறது யாரு பேரு? அவ பேரு. மெஷின் போட்ட பேருங்க அது. மெஷின் பொய் சொல்லுமா?

அட, நீங்க போனை எதுக்கு எடுக்க வர்றீங்க? வைங்க. வைங்கன்னு சொல்றேன்ல. இந்தா, அமுக்கிட்டேன். ஆஃப். தீர்ந்துச்சு.

ஏங்க, எங்க எந்திரிச்சுட்டீங்க? ஈரோட்டுக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க, இது பெருந்துறை. பின்னாடி சீட்டுலயா? அங்க வெயில் அடிக்குமே. சரி, போங்க. பையை எடுத்துட்டுப் போங்க, விட்டுட்டுப் போறீங்க பாருங்க. ஸ்டாண்டுல கூட்டம் நிக்குது, யாராச்சும் ஒருத்தரு வந்து இங்க உட்காருவாங்க. அவங்ககிட்டக் கேக்கறேன். அவங்களே சொல்லட்டும்.